ஒரே அடியில் விழும் பூ

வெள்ளித் தகட்டின் மேல் உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு அடி. அவ்வளவுதான். இரண்டாவது அடி விழுந்தால் உளி மயிரிழை நகர்ந்து, பூவுக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு பூ வந்துவிடும். அடி மெதுவாக விழுந்தால் பூ பாதிதான் பதியும். பலமாக விழுந்தால் தகடு பின்பக்கம் பிதுங்கும். விஜயகலா அந்த ஒரு அடியை அடிப்பதற்கு முன் மூச்சை நிறுத்திக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நானும் என்னை அறியாமல் நிறுத்திக்கொள்வேன்.

எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அவரைக் கலாக்கா என்றுதான் சொல்வார்கள். எங்கள் தோட்டம் இலங்கையின் இரத்தினபுரிப் பக்கம், கஹவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கி இன்னும் அரை மணி நேரம் ஏற வேண்டிய இடத்தில் இருக்கிறது. மேற்கணக்கு என்ற மேல் பிரிவில் தேயிலை, கீழ்க்கணக்கில் ரப்பர். கலாக்கா கீழ்க்கணக்கில் பதினாறு வருடம் ரப்பர்ப் பால் வெட்டினார். அவருடைய கணவர் ஏழுமலை கஹவத்தை பஜாரில் மூட்டை இறக்குகிறவர், தோட்டத்தின் செக்ரோல் என்ற வேலையாள் பதிவில் பேர் இல்லாதவர். அதனால் அவர்கள் இருந்த காம்பரா, அந்த ஒற்றை அறை வீடு, கலாக்காவின் வேலையை நம்பித்தான் நின்றது.

1993இல் ஒரு தொண்டு நிறுவனம் கஹவத்தையில் ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில், நகை வேலை பழக்கியது. பழகிய பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் சான்றிதழை வாங்கிக்கொண்டு, படத்துக்கு நின்றுவிட்டு, வீட்டுக்குப் போனார்கள். கலாக்கா அந்த விழாவுக்கே போகவில்லை. அன்றைக்கு யாருடைய கொலுசையோ பற்றவைத்துக்கொண்டிருந்தாராம். என்னிடம் ஒரு பட்டச் சான்றிதழ் இருக்கிறது. மழைக்கு நனையாமல் இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன். அவர் வாங்காத சான்றிதழையும் என்னுடையதையும் நான் அடிக்கடி மனதில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்ததுண்டு.

கலாக்காவால் சும்மா இருக்க முடியாது. பஸ்ஸுக்கு நிற்கும்போது கூட ஊக்கை வளைப்பார், நிமிர்த்துவார், மறுபடி வளைப்பார். உடைந்த அரத்தை நெருப்பில் காய்ச்சி, நுனியை ராவி, பூவும் பிறையும் வெட்டித் தானே உளிகள் செய்துகொண்டார். “இந்தப் பொம்பள பால்வெட்டுற கத்தியிலயே மெட்டி செஞ்சிருவா” என்று லயத்தில் கேலி பேசுவார்கள். பேசியவர்களே அறுந்த கொலுசோடு மறுநாள் வாசலில் நிற்பார்கள்.

கஹவத்தை பஜாரில் ஸம்சுதீன் முதலாளியின் மாணிக்கக்கல் கடை இருந்தது. மாவனல்லைக்காரர். கடைக்குப் பின்னால் இரண்டு மேசை போட்ட ஒரு சிறிய பட்டறையும் வைத்திருந்தார். கலாக்கா பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பின்னேரங்களில் அங்கே போய் வெள்ளி மோதிரங்களைத் தேய்த்து மினுக்கிக் கொடுப்பார். மினுக்கும் வேலை மட்டும்தான். செய்யும் வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை.

1999 மாசியில், ரப்பர் இலை கொட்டி மரங்கள் எலும்பாக நிற்கும் காலத்தில், முதலாளி ஒரு புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாளைக் கொடுத்தார். அவரிடம் கல் வாங்கும் அமெரிக்கர் ஒருவர் அனுப்பியது.

“இந்தா புள்ள, இதப் போல ஒண்டு செஞ்சி தா. நடுவில மட்டும் நம்மட சந்திரகாந்தக் கல்ல வெச்சிரு. அவனுக்குப் புடிச்சா மிச்சம் எல்லாம் நீதான் அடிக்கோணும். இந்த மேச ஒனக்கு. முழு நாள் வேல.”

அன்றைக்குக் கலாக்கா மலையேறி வந்த வேகத்துக்கு, பஜாருக்கு அவரோடு போயிருந்த என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

“பால்வெட்ட விட்டுரலாம் சசி. கேட்டியா? உளியப் புடிச்சே சோறு திங்கலாம்.”

“மொதல்ல செஞ்சி முடிங்கக்கா.”

“செய்யாம? நீ அதுல இங்கிலீசுல என்னா எழுதியிருக்குனு படி.”

நான் படித்தேன். படத்தில் கறுப்புத் துணியின் மேல் அகலமான, கனமான, ஒரு பக்கம் திறந்த வெள்ளி வளையம். நடுவில் நீலமும் பச்சையும் கலந்த ஒரு கல். சுற்றிலும் பிறைகளும் அம்புகளும் வரிசை வரிசையாக அடிக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவின் வறண்ட நிலத்தில் வாழும் நவாஹோ என்ற மக்களின் வேலை என்று போட்டிருந்தது. முன்பு வெள்ளி நாணயங்களை உருக்கி அடித்தார்களாம். பழைய இரும்பில் உளியைத் தாங்களே செய்துகொள்வார்களாம். தாளின் கீழ்ப்பாதி கிழிந்துபோயிருந்தது.

“உளிய அவங்களே செய்வாங்களாமா?” கலாக்கா நின்றுவிட்டார். “இப்பவும் இருக்காங்களா அந்த ஆளுங்க?”

“இருக்காங்க போல.”

“அப்ப அவங்ககிட்டயே வாங்குறதுக்கு என்ன? எதுக்கு இந்தாள் நம்மகிட்ட வர்றான்?”

ஏன் என்று எனக்குத் தெரியும். நம்முடைய கை மலிவு. அதைச் சொல்ல வாய் வரவில்லை. ‘தெரியலக்கா’ என்றேன். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்துவிட்டு வந்து, வேலைக்குக் காத்திருந்த நாட்களில் நான் அதிகமாகச் சொன்ன பதில் அதுதான்.

அளவு தெரியவில்லை. படத்தில் கையும் இல்லை, காலும் இல்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. எங்கள் லயத்தில் வெள்ளி காலுக்கு, தங்கம் கைக்கும் கழுத்துக்கும். தங்கம் வாங்க முடியாதவர்கள்கூடக் கையில் கண்ணாடி வளையல்தான் போடுவார்கள். இவ்வளவு கனமான வெள்ளி வேறு எங்கே போகும்? கலாக்கா ஒரு நூலை எடுத்து என் கணுக்காலைச் சுற்றி அளந்தார்.

“கால்ல போய் கல்ல வச்சிருக்காங்க பாரு.”

“அவங்க ஊர் வழக்கமா இருக்கும்” என்றேன், படித்தவள்.

முதலாளி எடை பார்த்துக் கொடுத்த வெள்ளியைக் கலாக்கா, தீ தாங்கும் மண்கிண்ணமான மூசையில் உருக்கி, கட்டியாக ஊற்றி, அடித்து நீட்டினார். வெள்ளி அடிக்க அடிக்க இறுகும். இறுகியதை மேலும் அடித்தால் விரிசல் விடும். அதனால் கொஞ்சம் அடித்து, சிவக்கச் சுட்டு, தண்ணீரில் போட்டு, மறுபடி அடிக்க வேண்டும். படத்தில் பள்ளங்கள் கறுப்பாகவும் மேடுகள் வெள்ளையாகவும் இருந்தன. அதற்கு அவர் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. துளிர் விடும் காலத்தில் இலை நோய்க்கு ரப்பர் மரங்களுக்குக் கந்தகத் தூள் அடிப்பார்கள். அதில் ஒரு பிடியைச் சுண்ணாம்போடு காய்ச்சி அந்தத் தண்ணீரில் வெள்ளியை முக்கி எடுத்தார். கறுத்துப்போன வெள்ளியின் மேட்டைத் துடைத்ததும் பூக்கள் எழுந்து நின்றன. காம்பரா முழுவதும் அழுகிய முட்டை நாற்றம். ஏழுமலை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மூன்று வாரமாகக் கலாக்கா வேலைக்குப் போகவில்லை. இலை கொட்டும் காலத்தில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. துளிர் முற்றத் தொடங்கியதும், தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை லயத்துக்கே வந்தார்.

“விஜயகலா, திங்கக்கெழம பால்வெட்ட வரணும். வரலைன்னா செக்ரோல்ல பேர் இருக்காது. அப்பறம் காம்பராவப் பத்தி என்கிட்ட வந்து அழக் கூடாது.”

அவர் போனதும் ஏழுமலை அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“ஒரு வளையத்துக்காக ஊட்ட விட்டுருவியா கலா?”

“ஒரு வளையம் இல்லங்க. இது சரியா வந்தா தெனம் இதே வேல.”

“வரலைன்னா?”

கலாக்கா எழுந்து, உளிகளை எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தார்.

வெள்ளிக்கிழமை வளையத்தைக் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்தோம். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

“யா அல்லாஹ். இது என்ன புள்ள? ஆனைக்கா செஞ்சீக்கிற?”

“ஏன் மொதலாளி? நம்ம சசி கால்ல அளந்து பாத்தேனே.”

“காலா! இது கையில போடுற காப்பு! அங்க ஆம்பிளயும் போடுற, பொம்பிளயும் போடுற. நேத்துத்தான் அளவ எழுதி அனுப்பியிருக்கிறான்.” அவர் வளையத்தைத் தன் கையில் மாட்டினார். அது முழங்கை வரை தடையில்லாமல் ஏறியது. “திங்கக்கெழம பார்சல் போகோணும். சோதனப் பீஸ் நேரத்துக்கு வரல்லண்டா அவன் இந்தியாவுக்குப் போயிருவான். அவன் சென்னது அதுதான்.”

என் முகம் சுட்டது. அந்தத் தாளைப் படித்தவள் நான்தான். கிழிந்த பாதியில் என்ன இருந்திருக்கும் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. தெரியாத ஒரு மக்களின் நகையை எங்கள் லயத்துக் காலில் மாட்டிவிட்டு, அவர்களுடைய வழக்கம் என்று விளக்கமும் சொல்லியிருந்தேன்.

“ரெண்டு பக்கமும் வெட்டிச் சின்னதாக்கிரு” என்றார் முதலாளி.

கலாக்கா வளையத்தைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கொலுசுக்குச் செய்வது போல ஒரு முனையில் தொடங்கி மறு முனை வரை ஒரே அளவில் அடித்துக்கொண்டு போயிருந்தார். வெட்டினால் பூக்கள் பாதியில் அறுந்து நிற்கும். பிறகு படத்தை எடுத்து ஜன்னலடிக்குக் கொண்டுபோனார். வெகுநேரம் அங்கேயே நின்றார்.

“சசி, இங்க வா. பாரு. நடுவுல பெரிய உளி, முனைக்குப் போகப் போகச் சின்ன உளி. இவங்க நடுவுல இருந்துதான் ரெண்டு பக்கமும் போயிருக்காங்க. மூணு வாரமா பாக்குறேன், இது எங்கண்ணுல படல.”

அவர் கல்லைக் கழற்றி மேசையில் வைத்தார். வளையத்தைப் பட்டறை மூசைக்குள் போட்டார்.

“என்ன செய்ற!” என்று முதலாளி எழுந்தார்.

“வெட்டுனத அனுப்புறதுக்கு அந்த ஆள் இந்தியாவுக்கே போகட்டும் மொதலாளி.”

மூன்று வாரத்து வேலை மூன்று நிமிடத்தில் தண்ணீராக ஓடியது. கலாக்கா துருத்தியை மிதித்துக்கொண்டே அடுத்த உளியைத் தேடிக்கொண்டிருந்தார்.

சனியும் ஞாயிறும் அவர் மேசையை விட்டு எழுந்ததை நான் பார்க்கவில்லை. நடுவில் முதல் பூ. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒவ்வொரு அடிக்கும் மூச்சை நிறுத்தினார். ஒரு பிறை மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அதற்கு எதிர்ப்பக்கத்துப் பிறையையும் அதே அளவு சாய்த்து அடித்தார். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றையொன்று ஏறிட்டுப் பார்ப்பது போல இருந்தது. பிழையைப் பிழையோடு சேர்த்து அழகாக்கலாம் என்பதை எந்த விரிவுரையிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை மலையில் வேலைக்குப் பேர் போடும் நேரத்தில் அவர் கல்லைச் சுற்றி மெல்லிய வெள்ளி விளிம்பை மடித்துக்கொண்டிருந்தார். நான் ஞாபகப்படுத்தினேன்.

“அக்கா, இப்பப் போனாலும் அரை நாள் பேராவது போடுவாங்க.”

“கல்லு ஆடுது சசி. ஆடுற கல்ல விட்டுட்டு எப்படிப் போறது?”

பத்து மணிக்குக் காப்பு தயாரானது. முதலாளி அதைத் தன் கையில் மாட்டி, கையைத் தூக்கி, இறக்கி, வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கழற்ற மனமில்லாமல் கழற்றினார். அன்று பின்னேரம் செக்ரோலில் கலாக்காவின் பேர் வெட்டப்பட்டது. ஒரு மாதத்துக்குள் காம்பராவை விட வேண்டும் என்று கடிதம் வந்தது. அதையும் நான்தான் வாசித்துச் சொன்னேன்.

நான்கு வாரம் பதில் இல்லை. கலாக்கா பஜாருக்கும் லயத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஏழுமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால், அரிசிக் கிடங்கை ஒட்டி, ஒரு அறை பார்த்தார். “கிடங்குக்குப் பக்கத்துல இருந்தா எனக்கு நடை மிச்சம்” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சாமான்களை இறக்கிய அன்று அம்மிக்கல்லைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் லயத்தைத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

பிறகு பதில் வந்தது. அமெரிக்கருக்குக் காப்பு பிடித்திருந்தது. கலாக்கா ஓடி வந்து என்னை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார். முதலாளி ஒரு துணிப் பொட்டலத்தை அவிழ்த்து மேசையில் கொட்டினார். பத்துக் காப்புகள். பத்திலும் அதே பூ, அதே சாய்ந்த பிறைகள்.

“எப்பிடி?” என்றார் பெருமையாக. “பார்சல் போறதுக்கு முந்தி இரத்தினபுரிக்குக் கொண்டுபோய் அச்சு எடுத்துட்டன். மெஷின் ஈக்கிது. ஒன்டய காப்ப ரப்பரில வெச்சி அமுக்கினா அச்சு. பொறகு எத்தின வேணுமெண்டாலும் வார்க்கலாம். நீ மினுக்கிக் குடுத்தாப் போதும்.”

“ரப்பர்லயா?”

“ரப்பரிலதான்.”

கலாக்கா சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. பதினாறு வருடம் பால் வெட்டிய பெண். அவர் ஒரு காப்பை எடுத்து விரல் நுனியால் பூவின் விளிம்பைத் தடவினார்.

“மழையில கெடந்த சவுக்காரக் கட்டி மாதிரி இருக்கு மொதலாளி. ஓரமே இல்ல.”

“அவனுக்கு அது வெளங்குமா?”

“எனக்கு வெளங்குதே.”

“புள்ள, நான் ஒனக்கு வேல தாரண்டு சென்னன். இது வேலதானே?”

“நான்தான் அடிக்கணும்னு சொன்னீங்க. மினுக்குற வேலைக்கா ஊட்ட விட்டுட்டு வந்தேன்?”

வெளியே பெல்மதுளை பஸ்காரன் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். திரும்பிப் போக அவருக்கு வீடில்லை, பேரில்லை. சரி என்று சொல்லிவிட்டு மினுக்கத் துணியை எடுப்பார் என்றுதான் நான் நினைத்தேன். நானாக இருந்தால் எடுத்திருப்பேன். அவர் உளியை எடுத்தார்.

அச்சில் வந்ததில் முதலாவது, அடி தாங்காமல் விரிசல் விட்டது. முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டார். “வார்த்தத அடிச்சா ஒடையும்டு தெரியாதா?” கலாக்கா இரண்டாவதைச் சிவக்கச் சுட்டு, ஆறவைத்து, மழுங்கிய பூவின் மேலேயே உளியை வைத்து ஒரே அடி. பூ மீண்டும் கூர்மையாக எழுந்தது. பிறகு பூக்களுக்கு நடுவில் அச்சில் இல்லாத ஒரு அம்பை அடித்தார். அப்புறம் இன்னொன்று. பிற்பகலுக்குள் அந்தக் காப்பு தன் தாயான முதல் காப்பைப் போல இல்லை.

“ரெண்டையும் அனுப்புங்க மொதலாளி. அச்சுல வந்தது ஒண்ணு, இது ஒண்ணு. அவர் அச்சுல வந்ததத்தான் கேட்டா, நான் வாயத் தொறக்காம மினுக்குறேன்.”

“ஹரி” என்றார் முதலாளி. கோபம் வந்தால் அவருக்குச் ‘சரி’கூடச் சிங்களத்தில்தான் வரும். “பாப்பம். நீ தோத்தா, பொறகு ஒரு கத பேசக் கூடாது.”

அந்த வாரங்களில் கலாக்கா ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடவில்லை என்று ஏழுமலை சொன்னார். நான் என் ஆசிரியர் நியமனத்தை விசாரிக்க இரத்தினபுரிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். வரிசையில் நிற்கும்போது என்னைப் பற்றி நினைப்பதை விட அந்த இரண்டு காப்புகளைப் பற்றியே அதிகம் நினைத்தேன். அமெரிக்கர் மலிவானதைத்தான் கேட்பார் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை என்னிடம் எப்படி வந்தது, படித்ததால் வந்ததா, லயத்தில் பிறந்ததால் வந்ததா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வைகாசி கடைசியில் கடிதம் வந்தது. முதலாளி அதை என்னிடம் நீட்டினார். உளியால் அடித்ததைப் போல அறுபது காப்புகள், மூன்று மாதத்தில். விற்கும்போது நவாஹோ வேலை என்று சொல்லாமல், இலங்கையில் செய்தது என்றே சொல்வதாகவும் அமெரிக்கர் எழுதியிருந்தார். நான் இரண்டு தடவை வாசித்தேன். கலாக்கா மேசையில் கிடந்த அச்சுக் காப்புகளை ஒதுக்கி வைத்தார்.

“அச்சுல வார்த்தது வேணாம். வெறும் தகடு தாங்க” என்றார்.

“மூணு மாசத்தில அறுவதா? தகட்டிலயா?”

“தகடு தாங்க மொதலாளி.”

ஆவணியில் எனக்கு நியமனம் கிடைத்தது. அரநாயக்கப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலை. போவதற்கு முந்தின நாள் பட்டறைக்குப் போனேன். கலாக்கா முப்பத்தேழாவது காப்பை அடித்து, கல் பதிப்பதற்கு முன் புளித் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கழுத்து எலும்பு தெரிந்தது. வலது கட்டை விரலில் கட்டு.

“சந்தோஷமா இருக்கீங்களாக்கா?”

“என்னமோ. அந்த மொத காப்பு மாதிரி இன்னும் ஒண்ணும் வரல. ஆனா வெடிஞ்சதும் இங்கதான் ஓடி வர்றேன்.” நிமிர்ந்து பார்த்தார். “ஒனக்குப் பயமா இருக்கா?”

“புள்ளைங்க ஏதாவது கேட்டா எனக்குத் தெரியாதே.”

“தெரியலன்னு சொல்லு. அப்பறம் சேந்து பாருங்க.”

அவர் முப்பத்தேழாவதைத் தட்டில் இருந்த மற்றவற்றின் அருகே வைத்தார். கை அங்கேயே நின்றது. தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து இரண்டையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் பிடித்தார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

“சே. அச்சுல வார்த்தது கணக்கா பன்னெண்டாவது மாதிரியே அடிச்சிருக்கேன். கையி தூங்கிருச்சி.”

மூசையை அடுப்பில் வைத்தார். கடையிலிருந்து எட்டிப் பார்த்த முதலாளி உள்ளே ஓடி வந்தார்.

“புள்ள! இன்னும் இருபத்திமூணு ஈக்கிது! மூணு கிழமதான் ஈக்கிது! அத வெச்சிரு, யாருக்கு வெளங்கப் போகுது!”

“இருபத்தி நாலு” என்று சொல்லிக்கொண்டே கலாக்கா காப்பை உள்ளே போட்டார்.